அத்தியாயம் 6: மவுண்டிங் ஓட்டை ஒத்து வராதபோது

செயின் பிளாக்கில் இன்ஜின் தொங்குகிறது. இடப்பக்க மவுண்டிங்கில் போல்ட் இறங்கிவிட்டது. வலப்பக்கத்தில் பிராக்கெட் ஓட்டையும் சேஸ் ஓட்டையும் பாதிக்குப் பாதிதான் பொருந்துகின்றன. இந்த நேரத்தில் எல்லோர் கையும் வட்ட அரத்தைத் தேடும். அதை எடுத்து மறுபடி பெட்டிக்குள் வையுங்கள். அரத்துக்கு வேலை வரும், ஆனால் இப்போது இல்லை.

இன்ஜின் எங்கே உட்கார வேண்டும் என்பதை ரேடியேட்டர், முன் ஆக்சில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதில் ஓட்டைக்கு ஓட்டுரிமை கிடையாது. முதலில் இன்ஜினின் இடத்தை உறுதி செய்வோம். பிறகு ஓட்டையை அந்த இடத்துக்குக் கொண்டுவருவோம். ஓட்டை இருக்கும் இடத்துக்கு இன்ஜினை இழுத்துக் கட்டினால் வண்டி ஓடத்தான் செய்யும். சில மாதத்தில் மவுண்டிங் ரப்பர் கிழியும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் தேயும், எங்கிருந்தோ ஒரு அதிர்வு வரும். அதற்கான காரணத்தை யாரும் ஓட்டையில் தேட மாட்டார்கள்.

இங்கே எடுத்துக்கொண்ட வண்டி, தனிச் சேஸ் உள்ள பழைய மஹிந்திரா ஜீப். அதன் 2112 சிசி பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜினை இறக்கிவிட்டு, 2523 சிசி எம்.டி.ஐ. இன்ஜினை ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். வேறு ஜோடியாக இருந்தாலும் வேலையின் வரிசை இதேதான். சேஸ் இல்லாத கார்களுக்கான மாறுதல் பின்னால் தனியாக வருகிறது.

காகித வேலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் மாற்றம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குள் வருகிறது. முதல் ஓட்டை போடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதியைப் பற்றிப் பேசிவிடுங்கள். மாற்றி முடித்த 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் புதிய இன்ஜின் நம்பரை ஏற்ற வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

1 டன் செயின் பிளாக்கும் அதைத் தாங்கும் உறுதியான ஸ்டாண்டும். வெர்னியர், இரும்பு ஸ்கேல், ரசமட்டம், கோணம் காட்டும் மீட்டர் (தொலைபேசிச் செயலியும் உதவும்). சென்டர் பஞ்ச், 3, 6, 10.5, 11, 12 மி.மீ. டிரில் பிட்கள், கட்டிங் ஆயில். வட்ட அரம், கிரைண்டர், ஃபிளாப் டிஸ்க். வெல்டிங் மெஷின், கையளவு கனமான செம்புத் துண்டு ஒன்று. 4, 5 மி.மீ. தகடு கொஞ்சம், டெம்ப்ளேட் வெட்டக் கெட்டி அட்டை, 8.8 கிரேடு போல்ட்கள், டார்க் ரென்ச். தீயணைப்பான் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்; ஷெட்டின் மறுகோடியில் மாட்டியிருந்தால் கழற்றிக்கொண்டு வாருங்கள்.

பாதுகாப்பு

டீசல் இன்ஜினை 200 கிலோவுக்கு மேல் இருக்கும் என்றே எண்ணி வேலை செய்யுங்கள். சம்ப்புக்கு அடியில் கொடுத்த ஜாக் அதைச் சமன்படுத்த உதவுமே தவிர, தாங்குவதற்கு உரியது இல்லை. செயின் எப்போதும் லேசான இழுப்பில் இருக்க வேண்டும். ஓட்டை பொருந்தியதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்கவே கூடாது. இன்ஜின் ஒரு மி.மீ. நழுவினால் இரண்டு தகடுகளும் கத்தரிக்கோலாகிவிடும். பார்க்க டார்ச் போதும். சோதிக்க ஒரு கம்பி போதும்.

வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் இரண்டு ஒயரையும், ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றுங்கள். இ.சி.யு. உள்ள இன்ஜின் என்றால் அதன் சாக்கெட்டையும் பிரித்துவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், சுரண்டிய வெறும் இரும்பில் இருக்க வேண்டும். அதைத் தூரத்தில் எங்கோ கவ்வினால் கரண்ட் பேரிங்குகள் வழியாகப் பாதை தேடிக்கொள்ளும். டீசல் பைப், பிரேக் பைப், கிளட்ச் பைப் இவை சேஸை ஒட்டித்தான் ஓடுகின்றன. கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள், முடியாததை ஈரச் சாக்கால் மூடுங்கள்.

இடத்தைத் துடைக்கப் பிரேக் கிளீனர் ஸ்ப்ரே எடுக்காதீர்கள். சில கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அதன் ஆவியில் வெல்டிங் வெளிச்சம் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, கிரைண்டரால் சுரண்டினால் போதும். துத்தநாகப் பூச்சுள்ள வாஷரையும் சுரண்டாமல் வெல்டிங் செய்யாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். வேலை முடிந்ததும் அரை மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள். தரைவிரிப்புக்கு அடியில் கனன்றுகொண்டிருக்கும் பொறி உடனே தெரியாது.

ஓட்டை உண்மையிலேயே தவறா?

பல சமயம் ஓட்டை சரியாகத்தான் இருக்கும். இன்ஜினை வேறு ஏதோ பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க:

1. இரண்டு பக்க மவுண்டிங் நட்டுகளையும் நுனி வரை தளர்த்துங்கள்.
2. கியர் பாக்ஸ் மவுண்டிங்கைத் தளர்த்துங்கள். கிராஸ் மெம்பர் போல்ட்களையும்தான். பின்பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டு முன்பக்கத்தில் ஓட்டை தேடுவதே இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. பின்னால் கொஞ்சம் திரும்பி இறுகியிருந்தாலும் முன்னால் சில மி.மீ. விலகும்.
3. சைலென்சர் பைப், ரேடியேட்டர் ஓஸ், கிளட்ச் கம்பி எதுவும் இன்ஜினோடு மாட்டியிருக்கக் கூடாது.
4. செயினில் எடையைப் பாதி எடுத்துக்கொண்டு இன்ஜினைக் கையால் பக்கவாட்டில் நாலைந்து முறை ஆட்டிவிடுங்கள். அது தானாக ஒரு இடத்தில் நிற்கட்டும்.
5. இடது, வலது பிராக்கெட்கள் மாறிப் போகவில்லையே? ரப்பர் தலைகீழாக இல்லையே? இரண்டு பக்க ரப்பரின் உயரத்தையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாகப் போட்டிருந்தால் உயரமே வேறுபடும்.
6. கூரான கடப்பாரையை ஓட்டையில் விட்டு லேசாக நெம்புங்கள். ஒரு கையின் பலத்துக்கு இன்ஜின் வந்து பொருந்தினால் ஓட்டை சரி. இரண்டு பேர் தொங்கித்தான் வருகிறது என்றால் ஓட்டை தவறு. அப்படி நெம்பிப் போல்ட்டை இறக்குவதை விட்டுவிடுங்கள்; ரப்பர் நாள் முழுக்க முறுக்கிய நிலையிலேயே வேலை செய்ய வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒத்து வரவில்லை என்றால்தான் அடுத்த பகுதி.

இன்ஜினின் இடத்தைப் பூட்டுங்கள்

வண்டி சமதளத்தில், தன் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக் ஸ்டாண்டில் சேஸைத் தூக்கி வைத்தால் ஆக்சில் கீழே தொங்கும். அப்போது எடுக்கும் கோண அளவு எதற்கும் உதவாது.

1. முன்பின் இடம்: ஃபேன் இலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ. பின்னால் கியர் லீவர் தரை ஓட்டைக்கு நடுவில் வருகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்லிப் பகுதி முழுக்க உள்ளே போகாமலும் கழன்றுவிடும் அளவு வெளியே வராமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. உயரம்: மேடுபள்ளப் பாதையில் முன் ஆக்சில் எழும்பி, பம்ப் ஸ்டாப்பைத் தொடும். ஆக்சில் அந்த உயரத்துக்கு வந்தாலும் சம்ப்புக்கு ஒரு விரல் பருமனாவது இடைவெளி இருக்க வேண்டும். நான்கு சக்கர டிரைவ் என்றால் முன் டிஃபரன்ஷியல் உருண்டையையும் முன் ஷாஃப்டையும் கணக்கில் சேருங்கள்.
3. பக்கவாட்டு இடம்: இன்ஜின் சேஸின் நட்டநடுவில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பல வண்டிகளில் அது வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளியிருக்கும். கிராங்க் புல்லியின் நடுவிலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் நடுவிலும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். இரண்டையும் இணைக்கும் கோடு சேஸின் நடுக்கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும்.
4. சாய்வு: கியர் பாக்ஸின் பின் ஃபிளாஞ்சில் கோண மீட்டரை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், பின் ஆக்சில் பினியன் ஃபிளாஞ்சிலும் அப்படியே. இரண்டு கிராஸ் உள்ள சாதாரண ஷாஃப்ட் என்றால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கிராஸிலும் மடியும் கோணம் 1 முதல் 3 டிகிரி வரை இருந்தால் நல்லது. உயரம் ஏற்றிய ஜீப்பில் இது கொஞ்சம் கூடும். கோணம் சுத்தமாகப் பூஜ்யமாகவும் கூடாது. ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும்.
5. கை நுழைகிற இடம்: ஸ்டார்ட்டர் மோட்டாரை இன்ஜினை இறக்காமல் கழற்ற முடியுமா? ஆயில் ஃபில்டரைத் திருக முடியுமா? பானெட் மூடுகிறதா? ஸ்டியரிங் கம்பியைக் கடைசி வரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தீர்களா?

எல்லாம் சரியென்றால் சம்ப் ஓரங்களுக்குக் கீழே மரக்கட்டைகள் கொடுத்து, பிளாக்குக்கும் சேஸுக்கும் நடுவே தற்காலிகமாக இரண்டு ஆங்கிள் துண்டுகளைக் கிளாம்பில் கவ்வி, இன்ஜினை அசையாமல் நிறுத்துங்கள். செயின் மேலே இருந்தபடியே இருக்கட்டும். இனிமேல் இன்ஜின் நகரக் கூடாது, மற்றதெல்லாம் நகரலாம்.

எத்தனை மி.மீ. விலகல்?

கண்ணளவு இங்கே ஏமாற்றும். பிராக்கெட்டின் ஓட்டை வழியாகச் சேஸில் குறி வைக்க, ஓட்டையின் அதே விட்டமுள்ள பழைய போல்ட்டின் நுனியைக் கிரைண்டரில் கூராக்குங்கள். ஓட்டையில் விட்டு ஒரே தட்டு. அந்தப் புள்ளியிலிருந்து சேஸின் பழைய ஓட்டையின் மையம் வரை அளந்தால் அதுதான் விலகல். பழைய ஓட்டையின் காலி இடத்துக்குள் கூர்முனை போய்விட்டால், அதன்மேல் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டிக்கொண்டு குறி வையுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எம்10 போல்ட்டுக்கு வழக்கமான ஓட்டை 11 மி.மீ. இரண்டு தகட்டிலும் 11 இருந்தால், மையங்கள் 1 மி.மீ. விலகினாலும் போல்ட் இறங்கிவிட வேண்டும். இரண்டையும் 12 ஆக்கினால் 2 மி.மீ. விலகல் வரை தாங்கும். ஒரு பக்கம் ஓட்டைக்குப் பதில் ரப்பரின் ஸ்டட் அல்லது மரை இருந்தால் இந்த அளவுகள் சரிபாதி. எம்12 என்றால் வழக்கமான ஓட்டை 13.5, தாராளமான ஓட்டை 14.5.

ஆக, 2 மி.மீ. வரை ஓட்டையைப் பெரிதாக்கலாம். அதற்கு மேல் 5 அல்லது 6 மி.மீ. வரை பிராக்கெட்டை ஓவலாக்கி வாஷரால் பூட்டலாம். புது ஓட்டை பழைய ஓட்டையின்மேல் ஏறினாலோ மிக அருகில் விழுந்தாலோ, பழையதை நிரப்பிவிட்டுப் போட வேண்டும். மையத்துக்கு மையம் 30 மி.மீ.க்கு மேல் தள்ளியிருந்தால், எம்10-க்கு அது தனியான ஒரு புது ஓட்டை. பழையதை அப்படியே விட்டுவிட்டு, தண்ணீர் போகாமல் ரப்பர் மூடி போடுங்கள்.

*குறிப்பு:* எந்த வழி ஆனாலும் முதலில் பிராக்கெட்டில் கை வையுங்கள். பிராக்கெட் கெட்டால் தகடு வாங்கி இன்னொன்று செய்துகொள்ளலாம். சேஸ் கெட்டால் வண்டியே கெட்டது.

வழி 1: பெரிதாக்குதல்

பேசும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. இரண்டு தகட்டையும் கிளாம்பில் சேர்த்துப் பிடித்து, 12 மி.மீ. பிட்டை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். பிசிறை எடுங்கள். தலைக்கும் நட்டுக்கும் அடியில் 3 மி.மீ. கனமுள்ள அகல வாஷர் போடுங்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய வாஷர் கிண்ணமாக வளைந்து ஓட்டைக்குள் இறங்கிவிடும்.

வழி 2: ஓவலும் வாஷர் பூட்டும்

வட்ட அரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம்.

ஓவல் ஓட்டையில் தகட்டின் அழுத்தம் மட்டுமே பிடிமானம். போல்ட் கொஞ்சம் தளர்ந்தால் இன்ஜின் நழுவும். நிற்கும் சுவரில் மாட்டும் பிராக்கெட்டில் மேல்கீழாக ஓவல் போட்டால் இன்ஜினின் எடையே அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் ஓவலை ஓவலாகவே விடாமல், வாஷரை வெல்டிங் செய்து மறுபடி வட்ட ஓட்டையாக்கிவிட வேண்டும்.

1. பிராக்கெட்டில் எந்தத் திசையில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கோடு கிழியுங்கள். ஓவலின் நுனி வளைவின் மையத்திலிருந்து பிராக்கெட் ஓரத்துக்கு, ஓட்டை விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது தூரம் இருக்க வேண்டும். எம்10-க்கு அந்த மையத்திலிருந்து ஓரம் வரை 17 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
2. பழைய ஓட்டையிலிருந்து ஓவலின் மறுநுனிக் கோடு வரை வட்ட அரத்தாலேயே ராவுங்கள். கிரைண்டரில் வெட்டினால் மூலைகள் கூராகும். விரிசல் அங்கே ஆரம்பிக்கும்.
3. 5 மி.மீ. தகட்டில் 40 மி.மீ. சதுரமாக ஒரு பிளேட் வாஷர் வெட்டி, நடுவில் 10.5 மி.மீ. ஓட்டை போடுங்கள். போல்ட் அதில் ஆடக் கூடாது.
4. எல்லாவற்றையும் மாட்டி, இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்போதே இறுக்குங்கள்.
5. பிளேட் வாஷரின் இரண்டு எதிர்ப் பக்கங்களில் புள்ளி வெல்டிங் வையுங்கள். பிறகு பிராக்கெட்டைக் கழற்றிக் கீழே கொண்டுபோய் முழு வெல்டிங் செய்யுங்கள். வண்டியில் வைத்தே முழுசாக வைத்தால் ரப்பர் வெந்துவிடும்.

வழி 3: நிரப்பி, மறுபடி ஓட்டை போடுதல்

பழைய ஓட்டையை ஒட்டி நேராகப் புது ஓட்டை போடப் பார்த்தால் டிரில் பிட் கேட்காது. எதிர்ப்பு இல்லாத பக்கம் வழுக்கிப் பழைய ஓட்டைக்குள் விழும், கையையும் முறுக்கும். ஆகவே நிரப்பியே தீர வேண்டும்.

நிரப்புவதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழைய போல்ட்டையே ஓட்டைக்குள் விட்டு, தலையை அறுத்துவிட்டு, மேலே சுற்றி ஒரு வெல்டிங். 8.8 போல்ட் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அதன் பதம் போய், ஓரத்தில் விரிசல் விடும். மேலே கிரைண்டர் ஓட்டிப் பெயிண்ட் அடித்தால் அழகாகத்தான் இருக்கும். உள்ளே அது ஒட்டியிருக்காது.

1. ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலம் பெயிண்ட், துரு, எண்ணெய் எதுவும் இல்லாமல் சுரண்டுங்கள். இரண்டு பக்கமும்.
2. ஓட்டையின் வாயை இரண்டு பக்கமும் பெரிய டிரில் பிட்டால் சரிவாக்குங்கள். இந்தச் சரிவு இல்லையென்றால் வெல்டிங் மேலே மட்டும் பூசிய பூச்சாக நின்றுவிடும்.
3. லேத்தில் மைல்டு ஸ்டீல் வில்லை ஒன்று கடைந்து வாங்குங்கள். ஓட்டையைவிட அரை மி.மீ. குறைவான விட்டம், சேஸ் தகட்டின் அதே கனம், ஓரம் சரிவு. அதை ஓட்டையில் வைத்து, பின்பக்கம் செம்புத் துண்டால் அணை கொடுங்கள். செம்பில் வெல்டிங் ஒட்டாது; சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.
4. எதிரெதிராக நான்கு புள்ளி. பிறகு கால்வட்டம் கால்வட்டமாக, எதிர்ப் பக்கங்களுக்கு மாறி மாறி. மறுபக்கம் கை போகும் இடமானால் அங்கேயும் அப்படியே.
5. தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீரெனக் குளிர்ந்த இரும்பு கடினமாகி டிரில் பிட்டைத் தின்னும், விரிசலும் விடும்.
6. ஃபிளாப் டிஸ்க்கால் சேஸ் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே ராவாதீர்கள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளையோ முடி போன்ற கோடோ தெரிந்தால் அந்த இடத்தைத் தோண்டியெடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். மேலேயே இன்னொரு அடுக்கு பூசுவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது.
7. கூர்முனைப் போல்ட்டால் மறுபடி குறி வையுங்கள். வெல்டிங் சூட்டில் சேஸ் சற்று இழுத்திருக்கலாம். பழைய குறியை நம்ப வேண்டாம்.
8. 3 மி.மீ., 6 மி.மீ., பிறகு 11. கடைசிப் பிட் நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் போகக் கூடாது. கட்டிங் ஆயில் விட்டுக்கொண்டே இருங்கள். பாதி வெல்டிங்கிலும் பாதி சேஸ் இரும்பிலும் பிட் ஓடும்போது மென்மையான பக்கம் சாயும். பிராக்கெட்டையே கிளாம்பில் கவ்வி வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் சாயாது.

வழி 4: மேலே ஒரு பிளேட்

இதற்கு முன்பே யாரோ இரண்டு மூன்று தரம் ஓட்டை போட்டுச் சல்லடையாக்கிய சேஸ் உங்கள் கைக்கு வரலாம். செகண்ட்ஹேண்ட் ஜீப்பில் இது அபூர்வமில்லை. அங்கே ஓட்டைகளை நிரப்புவதோடு நிறுத்தாமல், மேலே ஒரு பிளேட்டும் போட்டு எடையை விரித்துவிடுவது நல்லது.

அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி, பொருந்துகிறதா பார்த்து, பிறகு தகட்டை வெட்டுங்கள். கனம் சேஸ் தகட்டின் கனமே போதும். 10 மி.மீ. தகடு போட்டால் பலம் என்று தோன்றும். உண்மையில், வளையாத பிளேட் முடிகிற இடத்தில்தான் வளையும் சேஸ் முறியும். பிளேட்டின் முன், பின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் படகு முனைபோலச் சரித்து, மூலைகளை உருட்டிவிடுங்கள்.

வெல்டிங்கைச் சேஸின் நீளவாக்கில் விட்டுவிட்டு வையுங்கள். சேஸைக் குறுக்காகக் கடக்கும் கோடாக எந்த வெல்டிங்கும் வேண்டாம். வளைவு வரும்போது அந்தக் கோட்டின்மேல்தான் முதல் விரிசல் ஓடும். பிளேட்டின் நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, அவற்றின் வழியாகச் சேஸோடு சேர்த்து வெல்டிங்கால் நிரப்பினால் இன்னும் உறுதி.

சேஸில் எங்கே ஓட்டை போடலாம்

சேஸைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்ததுபோல் இருக்கும்: ஒரு நிற்கும் சுவர், மேலே ஒரு உதடு, கீழே ஒரு உதடு. வண்டி வளையும்போது இழுவையும் அழுத்தமும் அதிகமாக விழுவது உதடுகளில். அங்கே ஓட்டையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். சுவரின் நடுப்பகுதியே ஓட்டைக்கு இடம். மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டில் மூன்று நான்கு ஓட்டைகள் வரிசையாக விழுந்தால் சேஸ் அந்தக் கோட்டில் கிழியும். முன்பின் தள்ளிப் போடுங்கள். பிராக்கெட்டை உதட்டில்தான் மாட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தால் பிராக்கெட்டின் வடிவத்தை மாற்றுங்கள்.

நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சேஸில் இன்னொரு தொல்லை. போல்ட்டை இறுக்க இறுக்கப் பெட்டி உள்ளே நசுங்கும். நசுங்கிக்கொண்டே போவதால் போல்ட்டில் இறுக்கமும் நிற்காது. வாராவாரம் ஸ்பேனர் எடுக்க வேண்டி வரும். போல்ட் நுழையும் அளவில் கனமான குழாய்த் துண்டை, பெட்டியின் உள் அகலத்தோடு ஒரு பக்கச் சுவரின் கனத்தையும் சேர்த்துச் சரியாக வெட்டி உள்ளே நிறுத்த வேண்டும். ஒரு பக்க ஓட்டையைக் குழாயின் வெளிவிட்டத்துக்குப் பெரிதாக்கி, குழாயை உள்ளே தள்ளி, அந்தப் பக்கச் சுவரோடு சுற்றி வெல்டிங் செய்து மட்டமாக்கிவிடுங்கள். மறுபக்கத்தில் போல்ட் மட்டும் வெளியே வரட்டும். பழைய ஓட்டை இடம் தவறியிருந்தால், இந்தக் குழாயின் பருமனே சில சமயம் பழையதை விழுங்கிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். நிரப்பும் வேலை மிச்சம்.

வீட்டில் தொடக் கூடாத ஓட்டைகள்

பெல் ஹவுசிங்குக்கும் பிளாக்குக்கும் நடுவே அடாப்டர் பிளேட் போட்டிருந்து, அதன் ஓட்டைகள் ஒத்து வரவில்லையா? அரம் வேண்டாம், டிரில்லும் வேண்டாம். அங்கே இடத்தைத் தீர்மானிப்பது டவல் பின்கள். போல்ட்கள் வெறுமனே சேர்த்துப் பிடிக்கின்றன. ஓட்டையை ஓவலாக்கினால் போல்ட் இறங்கிவிடும், ஆனால் கிராங்கின் மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் விலகும். பொதுவாக ஏற்கும் அளவு, டயல் கேஜின் முழுச் சுற்றில் 0.13 மி.மீ.தான். இந்த அளவு டயல் கேஜில்தான் தெரியும்; கண்ணுக்கும் அரத்துக்கும் அகப்படாது. மீறினால் பைலட் பேரிங் தேயும், கியர் தானாக நழுவும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி உடையும். பிளேட்டை இன்ஜினோடும் கியர் பாக்ஸோடும் நல்ல லேத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பிளாக்கின் வார்ப்பிரும்பு மரை இடம் தவறியதாகத் தோன்றினால், தவறு உங்கள் பிராக்கெட்டில்தான். பிளாக்கில் வெல்டிங் வைக்காதீர்கள். மரை தேய்ந்திருந்தால் மட்டும் ஹெலிகாயில் போடலாம்.

சேஸ் இல்லாத கார்களில், அதாவது பாடியே சேஸாக இருக்கும் மாருதி போன்றவற்றில், மவுண்டிங் இருப்பது மெல்லிய தகடுகளை அடுக்கி ஸ்பாட் வெல்டிங் செய்த பகுதியில். அதில் கண்ட இடத்தில் ஓட்டை போட்டால் ஒற்றைத் தகட்டில்தான் இன்ஜின் தொங்கும். புதிய கார்களில் அந்தத் தகடு உயர்பலத் தகடாக இருக்கும். சூடேற்றினால் பலம் போய்விடும். ஆகவே கம்பெனி கொடுத்த ஓட்டைகளையும் உள்ளே ஒட்டிய நட்டுகளையும் அப்படியே பயன்படுத்துங்கள். ஒரு முனை பாடியின் ஓட்டைகளுக்கும் மறுமுனை புது இன்ஜினுக்கும் பொருந்துமாறு புதிய பிராக்கெட் செய்வது ஒன்றே வழி. செலவு கூடும்தான்.

மாட்டும் வரிசை

1. வெல்டிங் செய்த இடங்களில் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயிண்ட். பெட்டிச் சேஸ் என்றால் உள்ளே மெழுகு ஸ்ப்ரே. ஆனால் பிராக்கெட்டும் சேஸும் ஒட்டும் முகத்தில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த பெயிண்ட் பின்னால் நசுங்கி, போல்ட் தளரும்.
2. பிளாக்கில் பிராக்கெட்டை முழுதாக இறுக்குங்கள். மற்ற எல்லா நட்டுகளும் கையால் திருகிய அளவே.
3. செயினை இறக்கி, இன்ஜினின் முழு எடையையும் ரப்பரில் விடுங்கள். பக்கவாட்டில் ஆட்டிவிடுங்கள். ரப்பர் நேராக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் சரிந்திருந்தால் மறுபடி தூக்குங்கள்.
4. சேஸில் உள்ள பிராக்கெட் போல்ட்கள், பிறகு கிராஸ் மெம்பர், பிறகு கியர் பாக்ஸ் மவுண்டிங், கடைசியாக முன் ரப்பர்களின் நட்டுகள். எண்ணெய் படாத 8.8 போல்ட்டுக்கு எம்10 என்றால் சுமார் 45 நியூட்டன் மீட்டர், எம்12 என்றால் சுமார் 80. ரப்பரின் ஸ்டட்டுக்கு இந்த அளவு பொருந்தாது. அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவே.
5. நைலான் நட்டு நல்லதுதான், ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். நைலான் இளகிவிடும். அங்கே முழு இரும்பு லாக் நட்டு.
6. நட்டிலிருந்து தகடு வரை நீளும்படி வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு கிழியுங்கள்.
7. வண்டியின் கோண அளவுகளை மறுபடி எடுத்து, முன்பு குறித்ததோடு ஒப்பிடுங்கள்.

ஸ்டார்ட் செய்து, கை பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்தபடி கிளட்சை லேசாக விட்டு, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் இன்ஜின் எந்தப் பக்கம் எவ்வளவு எழும்புகிறது என்று ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. ஃபேன் ரேடியேட்டர் மூடியைத் தொடாமலும், எக்ஸாஸ்ட் பைப் பிரேக் பைப்பை நெருங்காமலும் இருந்தால் தெருவுக்கு எடுக்கலாம்.

50 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500-இல் ஒரு தடவை வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் நகர்ந்திருந்தால் பெயிண்ட் படிந்ததாக இருக்கலாம். டார்க் ரென்ச்சால் இறுக்கி, கோட்டைப் புதிதாகக் கிழியுங்கள். 500-இலும் நகர்ந்திருந்தால் மேலும் இறுக்க வேண்டாம். பிராக்கெட்டைக் கழற்றுங்கள். ஓட்டையின் உள்விளிம்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறதா, நிரப்பிய இடத்தைச் சுற்றித் துருப்பொடி கோடாக வந்திருக்கிறதா என்று பார்த்து, எந்த வழியில் சரிசெய்தீர்களோ அந்த வழியின் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.